கல்லும் கொழுவும்: கிள்ளான் கழிமுகத்தை முன்வைத்துச் சிறுபடகு நங்கூரத்தின் வரலாறு

முன்னுரை

கடல் கடந்த தமிழர் வரலாற்றை ஆராய்ந்தோர் கப்பல்களைப் பற்றியும் அவை ஏற்றிச் சென்ற சரக்குகளைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். ஆயின், சென்றடைந்த இடத்தில் கலத்தை நிலைநிறுத்திய கருவி அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. நங்கூரம் இன்று நமக்குப் பெரிதும் ஓர் உவமையாகவே எஞ்சியுள்ளது. மேடையிலும் பாடநூலிலும் அது உறுதியின் குறியீடாக வருகின்றது. அக்கருவி எவ்வாறு ஒரு கலத்தைப் பிடித்து நிறுத்துகின்றது என்று மாணவர் ஒருவர் வினவினால், "அதன் எடையால்" என்றே நம்மில் பலரும் விடை கூறுவோம். அவ்விடை முழுமையானதன்று.

நங்கூரம் கலத்தை நிறுத்துவது எடையினால் மட்டும் அன்று. தரையைப் பற்றும் பிடிப்பினாலேயே அது பெரிதும் செயல்படுகின்றது. எடையிலிருந்து பிடிப்பை நோக்கி மனித அறிவு நகர்ந்த கதையே நங்கூரத்தின் வரலாறு எனலாம். இக்கட்டுரை அவ்வரலாற்றைக் கிள்ளான் ஆற்றின் கழிமுகத்தை முன்வைத்து ஆராய முற்படுகின்றது. சேறும் ஓதமும் மிகுந்த அந்நீர்ப்பரப்பில், பொழுதுபோக்கிற்காகச் செல்லும் சிறுபடகொன்று எத்தகைய நங்கூரத்தைத் தேர்ந்து எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்ற வினா, இவ்வரலாற்றின் பயனை இன்றும் நமக்கு உணர்த்துகின்றது.

1. சொற்கள் காட்டும் சான்று

முதற்கண் சொற்களை நோக்குவோம். நங்கூரம் என்னும் சொல் பாரசீக மொழியின் 'லங்கர்' என்பதிலிருந்து வந்ததாகச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி குறிப்பிடுகின்றது. தெலுங்கில் இச்சொல் 'லங்கரு' என லகரத்தோடே வழங்குகின்றது. தமிழில் லகரம் மொழிமுதலாக வருவதில்லை என்பது தொல்காப்பியம் அறிந்தோர்க்குத் தெரிந்ததே. எனவே லகரம் நகரமாகித் தமிழுக்கு இயைந்த வடிவம் தோன்றியது. பாரசீக, அரபு வணிகருடன் கீழைக்கடலில் பழகிய தமிழ் மாலுமிகளின் வாய்வழியே இச்சொல் நிலைபெற்றிருத்தல் கூடும்.

இதற்கு முன்னர்த் தமிழர் கலங்களை நிறுத்த அறியாதிருந்தனர் என்பது இதன் பொருளன்று. உப்பை நெல்லுக்கு மாற்றித் திரும்பிய படகுகள் கழியில் தறிகளோடு பிணிக்கப்பட்டிருந்த காட்சியைப் பட்டினப்பாலை, இலாயத்தில் கட்டிய குதிரைகளோடு ஒப்பிடுகின்றது. கழியிலும் ஆற்றிலும் தறி போதுமானதாக இருந்தது. தறி நட இயலாத திறந்த கடலில்தான் தரையைப் பற்றும் தனிக்கருவி தேவைப்படுகின்றது.

மலாய் மொழி மற்றொரு சான்றை அளிக்கின்றது. மலாக்கா சுல்தான் மகமுது ஷா காலத்தோடு தொடர்புறுத்தப்படும் கடற்சட்டத் தொகுப்பு, கப்பல் அலுவலர்களை அரசவையோடு ஒப்பிடுகின்றது. அதன்படி நக்கோடா அரசனுக்கும், சுக்கான் பிடிக்கும் ஜுருமுடி பெண்டஹாராவுக்கும், ஜுருபத்து தெமெங்கோங்கிற்கும் நிகராவர். ஜுருபத்து என்பார் நங்கூரத்திற்கும் ஆழம் பார்ப்பதற்கும் பொறுப்பானவர். 'பத்து' என்னும் மலாய்ச் சொல்லின் பொருள் கல். இரும்பு நங்கூரம் வந்த பின்னரும், கல்லைக் கடலில் இறக்கிய காலத்தின் நினைவு அப்பதவிப் பெயரில் தங்கிவிட்டது. நங்கூரத்தைப் பொறுப்பேற்றவர் அரசவையின் உயர் அலுவலர் ஒருவருக்கு நிகராக வைக்கப்பட்டமையும் குறிப்பிடத்தக்கது. கலத்தின் உயிர் அவர் கையில் இருந்தது.

ஐரோப்பியச் சொல்லோ வேறொரு பண்பைக் காட்டுகின்றது. கிரேக்கத்தின் 'அங்கூரா', இலத்தீனின் 'அங்கோரா', ஆங்கிலத்தின் 'ஆங்கர்' ஆகியன வளைவைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தவை. மலாய்ப் பெயர் கல்லையும் எடையையும் சுட்ட, கிரேக்கப் பெயர் கொக்கியையும் பிடிப்பையும் சுட்டுகின்றது. நங்கூர வரலாற்றின் இரு நிலைகளும் இப்பெயர்களில் பதிந்துள்ளன.

2. கல்லிலிருந்து கொக்கிக்கு

தொல்லியல் சான்றுகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் குஜராத்தின் துவாரகை, பேட் துவாரகை ஆகிய இடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட கல்நங்கூரங்களைக் கண்டறிந்துள்ளனர். அவற்றுள் முக்கோண வடிவில் மூன்று துளைகளுடன் அமைந்தவை பல. மேல்துளை வடம் கட்டுவதற்கானது. கீழ்த்துளைகள் மரமுளைகளைச் செருகுவதற்கானவை. இந்தோ-அரேபிய வகை எனப்படும் பிறிதொன்று நீண்ட தூண் போன்றது. அதன் கீழ்ப்பகுதியில் ஒன்றுக்கொன்று குறுக்காகத் துளைகள் குடையப்பட்டிருக்கும். பாரசீக வளைகுடா முதல் கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தியா, இலங்கையின் காலி துறைமுகம் வரை இவ்வகை கிடைத்துள்ளது.

இத்துளைகள் நமக்கு முதன்மையானவை. எடையே போதுமென்றால் மரமுளைகளுக்குத் தேவையே இல்லை. கருங்கல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலாக நீருக்குள் இழந்துவிடுகின்றது. இரும்பு இழப்பதோ ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். எஞ்சிய எடையும் வழுக்கும் சேற்றில் பெரும்பயன் தராது. காற்று வலுத்தால் கல் சேற்றின்மீது இழுபட்டுச் செல்லும். அம்முளைகளே கல்லைத் தரையில் கொளுவ வைத்தன. பண்டைய மாலுமி, பிடிப்பின் தேவையைக் கல்லுக்குள்ளேயே உணர்ந்துவிட்டார் என்பது இதனால் பெறப்படுகின்றது.

இம்மாலுமிகளுள் தமிழரும் இருந்தனர். சுமாத்திராவின் பாருஸ் வட்டாரத்தில், லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எனும் வணிகக் குழுவினருடையது. அங்கு வந்துசேரும் மரக்கல நாயனும் கேவிகளும் செலுத்த வேண்டிய தீர்வையை அது குறிப்பிடுவதாகக் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு விளக்கியுள்ளார். கலத்தலைவரும் படகோட்டிகளும் வணிகர் பட்டியலில் கரைந்துவிடாமல் தனித்துப் பெயர் பெற்றிருந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

3. கிள்ளான் ஆறு: சேற்றின் வரலாறு

இனி நம் நிலத்திற்கு வருவோம். கோலாலம்பூர் என்னும் பெயரில் 'கோலா' என்பது ஆறு கூடுமிடத்தையும் கழிமுகத்தையும், 'லும்பூர்' என்பது சேற்றையும் குறிக்கும். 1857-இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர் கிள்ளான் ஆற்றின் வழியே படகில் வந்து, கோம்பாக் ஆறு அதனுடன் கூடுமிடத்தைக் கடந்து அம்பாங்கில் ஈயம் தேடினர். அக்கூடுதுறையே சரக்குப் படகுகள் வந்துசேரும் இடமாகி நகரமாக வளர்ந்தது. பின்னர் ஈயச் சுரங்கங்கள் கழுவிவிட்ட மண் ஆற்றோடு சென்று அதன் படுகையை மேலும் மேடாக்கியது.

ஆற்றுப் போக்குவரத்தின் முதன்மையை முடித்து வைத்தது இரும்புப்பாதை. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1881-இன் தீயும் வெள்ளமும் அழித்த நகரைச் செங்கல்லால் கட்டியெழுப்பியபோது சூளைகள் அமைந்த பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குடியிருப்புகளின் ஊராக மாறியது. அங்குக் குடியேறிய தமிழகத் தொழிலாளருக்கும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களுக்கும் வாழ்வு தண்டவாளத்தோடு பிணைந்திருந்தது. கிள்ளான் ஆறு அவர்தம் வீட்டருகே ஓடியது. எனினும் அவர்கள் அதில் படகு செலுத்தி வாழ்ந்தவரல்லர். பள்ளத்தாக்குத் தமிழரின் வாழ்வு நீரினின்று விலகத் தொடங்கியது இக்காலத்தில்தான் என நாம் கருதுகிறோம்.

கழிமுகத்தில் மட்டும் அத்தொடர்பு நீடித்தது. ஆற்றுக்குள் இருந்த கிள்ளான் துறைக்குப் பெரிய கப்பல்கள் வர இயலாமையால், 1901-இல் கழிமுகத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் மலேரியாவால் அது மூடப்படும் நிலையை எட்டியது. மருத்துவர் மால்கம் வாட்சன் மேற்கொண்ட வடிகால் பணிகளே அதனைக் காப்பாற்றின. ஆழ்நீர்க் கப்பற்கரைகள் அமையும் முன்னர், கப்பல்கள் நீரோட்டத்தின் நடுவே நங்கூரமிட்டு நிற்க, தொங்காங் படகுகள் சரக்கைக் கரைசேர்த்தன. அத்துறையில் உழைத்தோரில் தமிழர் பெரும்பங்கினர்.

எதிர்க்கரையிலும் இதே காட்சிதான். நாகப்பட்டினம் திறந்த கடல்துறை. கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. 1926-இல் கட்டப்பட்டு 1970-களின் தொடக்கம்வரை ஓடிய ரஜூலா கப்பலில் ஏறியோர், தொலைவில் நங்கூரமிட்டு நின்ற அக்கப்பலுக்குப் படகில்தான் சென்றனர். ஆகவே பல்லாயிரம் தமிழருக்குத் தாய்நாட்டின் இறுதி ஒலி நங்கூரச் சங்கிலி ஏறும் ஒலியாகவே இருந்திருக்கும். 1972-இல் இத்துறைமுகம் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மலாயில் 'பெலாபுஹான்' என்னும் சொல் 'லாபுஹ்' என்னும் வினையினின்று பிறந்தது. அதன் பொருள் கீழிறக்குதல், நங்கூரமிடுதல். பெலாபுஹான் கிளாங் என்று நாம் நாள்தோறும் கூறும்போது, கிள்ளானில் நங்கூரமிடும் இடம் என்றே கூறுகிறோம்.

4. பிற்கால நங்கூர வகைகளும் தேர்வும்

இன்று கழிமுகத்தில் பெருங்கப்பல்களுக்கு இடையே சிறுபடகுகளும் செல்கின்றன. 1990-இல் தொடங்கிய சிலாங்கூர் ராஜா மூடா பன்னாட்டுப் பாய்மரப் போட்டி இத்துறைமுகத்திலிருந்து பங்கோர், பினாங்கு, லங்காவி நோக்கிச் செல்வது. வார இறுதிகளில் தூண்டில் மீன்பிடிப்போர் பூலாவ் கெத்தாம், கேரித் தீவு ஆகியவற்றின் அருகே படகுகளை நிறுத்துகின்றனர். அவருள் தமிழரும் உளர். இவர்களுக்கு எந்த நங்கூரம் ஏற்றது என்பதை அறிய, கடந்த நூற்றாண்டின் வளர்ச்சியைக் காண வேண்டும்.

நமக்குப் படங்களில் பழகிய நங்கூரம் அட்மிரல்டி வகை. அதன் தண்டின் மேல்முனையில் உள்ள குறுக்குத்தண்டு, கீழுள்ள இரு கொக்கிகளில் ஒன்றைத் தரைநோக்கித் திருப்பிவிடும். பாறையிலும் கடற்பாசியிலும் அது நன்கு பற்றும். ஆனால் அதன் கொக்கி சிறியது. மென்சேற்றைக் கூரிய கம்பி கிழிப்பதுபோல் அது கிழித்துச் செல்லும். மேலும், தரைக்கு மேல் நீட்டி நிற்கும் மற்றொரு கொக்கியில் வடம் சிக்குவதும் உண்டு.

இக்குறையை நீக்கியவர் கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஜெப்ரி இங்ராம் டெய்லர். தாமே பாய்மரப்படகு செலுத்திய அவர், குறைந்த எடையில் மிகுந்த பிடிப்பு வேண்டுமென எண்ணி, 1933-இல் உழவுக் கலப்பையை ஒத்த நங்கூரத்தை உருவாக்கினார். சி.கியூ.ஆர். என்னும் பெயரில் அது வழங்கலாயிற்று. கலப்பையின் கொழு நிலத்தில் இறங்குவதுபோல் அதன் நுனி தரைக்குள் இறங்கும். இழுக்க இழுக்க ஆழப் புதையும். இக்கட்டுரையில் நங்கூரத்தின் பற்றும் தகட்டைக் கொழு என்றே குறிப்பிடுகிறோம். உழவர் மொழியில் ஏற்கெனவே உள்ள சொல் இருக்கப் புதுச்சொல் புனைய வேண்டியதில்லை.

அடுத்து, 1940-களில் அமெரிக்கத் தரையிறங்கு கப்பல்களில் பயன்பட்ட டான்போர்த் வகை, இரு அகன்ற தட்டைக் கொழுக்களைக் கொண்டது. 1970-களில் வடகடல் எண்ணெய்த்துறைப் பணிகளை ஒட்டி எழுந்த புரூஸ் வகை, விரிந்த மூவிரல் கைபோன்றது. 1990-களிலும் அதன்பின்னும் ஸ்பேட், ரொக்னா முதலியன வந்தன. இவற்றின் கொழு மண்வெட்டிபோல் உட்குழிந்திருக்கும். ரொக்னாவில் உள்ள வளைவுக்கம்பி, நங்கூரம் எவ்வாறு விழுந்தாலும் அதனை நிமிர்த்திவிடும்.

கிள்ளான் கழிமுகத்தின் தரை பெரும்பாலும் கண்டல் காடுகளைச் சூழ்ந்த மென்சேறு. அத்தகைய சேற்றில் நங்கூரத்தின் எடையைவிடக் கொழுவின் பரப்பே முதன்மையானது. அவ்வகையில் டான்போர்த் சிறந்தது. மடங்குவதால் சிறுபடகில் வைப்பதும் எளிது. ஆயின், ஓதம் திரும்பிப் படகு எதிர்ப்புறம் சுழலும்போது அது பெயர்ந்து, சங்கிலி கொழுவில் சிக்கி, மீண்டும் பற்றாமற் போகக்கூடும். எனவே விழித்திருந்து சில மணிநேரம் மீன்பிடிப்போருக்கு அது போதும். இரவு தங்குவோருக்குத் திசை மாறினாலும் தானே மீளப் பதியும் உட்குழிந்த கொழுவுடையதே தக்கது. படகிற்கு உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் அளவைவிட ஒரு படி பெரியதைத் தேர்வதும், மற்றொரு வகையில் ஓர் உபரி நங்கூரம் வைத்திருப்பதும் அறிவுடைமையாகும்.

5. கிள்ளான் நீரில் நங்கூரமிடும் முறை

எத்தகைய கொழுவும் கிடைமட்டமாக இழுக்கப்பட்டால்தான் புதையும். மேல்நோக்கி இழுக்கப்பட்டால் பெயர்ந்துவிடும். படகுக்காரர் நங்கூரத்தை எடுப்பதும் இவ்விதியால்தான்: அதற்கு நேர் மேலே படகைக் கொணர்ந்து வடத்தை நிமிர்த்தி இழுத்தால் அது விடுபடும். ஆகவே நங்கூரத்தை அடுத்துப் படகின் நீளத்திற்குக் குறையாத சங்கிலியும், அதன்பின் நைலான் வடமும் இருத்தல் நன்று. சங்கிலி தன் எடையால் இழுவையைத் தாழ்த்தி வைக்கும். நைலான் நெகிழ்ந்து அலையின் அதிர்ச்சியைத் தாங்கும்.

எவ்வளவு வடம் விடுவது என்பதே பலர் பிழைபடும் இடம். நீரின் ஆழத்தோடு படகு முகப்பின் உயரத்தையும் கூட்டி, அதன் ஐந்து மடங்கு விட வேண்டும். காற்று வலுக்கும் எனில் ஏழு மடங்கு. கிள்ளானில் நாளொன்றுக்கு இருமுறை ஓதம் ஏறி இறங்குகின்றது. உவாநாளை ஒட்டி அதன் வேறுபாடு நான்கு மீட்டரைக் கடக்கின்றது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வற்றத்தில் ஆழம் 3 மீட்டர், முகப்பு உயரம் 1 மீட்டர் எனில் கூட்டுத்தொகை 4. ஐந்து மடங்கு 20 மீட்டர். இதனைப் போதுமெனக் கருதி ஒருவர் உறங்கிவிட்டால், நீர் 4 மீட்டர் உயர்ந்த பின் கூட்டுத்தொகை 8 ஆகிவிடும். அதே 20 மீட்டர் வடம் இப்போது இரண்டரை மடங்கே. இழுவை மேல்நோக்கித் திரும்பக் கொழு பெயர்ந்து, படகு கப்பல் வழியை நோக்கி மிதந்து செல்லும். ஏற்றத்தைக் கணக்கிட்டிருந்தால் 40 மீட்டர் விட்டிருப்பார். காற்றையும் எண்ணியிருந்தால் 56 மீட்டர். வடத்தை நீட்டினால் படகு சுழலும் வட்டமும் பெரிதாகும் என்பதால், மேடுகளும் பிற படகுகளும் இல்லாத இடத்தைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும்.

இடும் முறையும் எளியதே. நீரோட்டத்தையோ காற்றையோ, எது வலியதோ அதனை எதிர்நோக்கிப் படகைச் செலுத்தி நிறுத்த வேண்டும். நங்கூரத்தை வீசாது இறக்க வேண்டும்; வீசினால் சங்கிலி அதன்மேல் குவிந்து சிக்கிக்கொள்ளும். படகு பின்னோக்கி மிதக்க மிதக்க வடத்தை விட்டு, முகப்பில் கட்டி, பின் இயந்திரத்தை மெல்லப் பின்னோக்கி இயக்கிக் கொழுவைப் புதைக்க வேண்டும். ஒருபோதும் படகின் பின்புறத்தில் கட்டலாகாது. பின்புறம் தாழ்ந்தது, இயந்திரத்தின் எடையும் அங்கேயே உள்ளது. ஓதத்தின் வேகம் அதனை மேலும் அழுத்த, அலை உட்புகுந்து படகு மூழ்கிவிடும்.

நங்கூரம் பற்றியதா என்பதைக் கண்ணாலும் கையாலும் அறியலாம். கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரு பொருள்களை நேர்கோட்டில் குறித்துக்கொள்க. அக்கோடு கலைந்துகொண்டே போனால் படகு நகர்கின்றது. வடத்தில் கைவைத்தால், இழுபடும் நங்கூரம் அதிர்வாக உணரப்படும். பகலில் கருநிறப் பந்துக் குறியும் இரவில் எத்திசையிலும் தெரியும் வெண்விளக்கும் காட்டுதல் 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல்மோதல் தடுப்பு விதி. ஏழு மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு உள்ள விலக்கு, குறுகிய கால்வாயிலும் கப்பல் வழியிலும் நங்கூரத்துறையிலும் அவற்றின் அருகிலும் பொருந்தாது. கப்பல் வழியில் நங்கூரமிடுவதைத் தவிர்த்தலே முறை.

மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னர், 'சுமத்ரா' எனப்படும் திடீர்ச் சூறைக்காற்று மேற்கிலிருந்து வீசுவதுண்டு. மாலையில் அமைதியாக நின்ற படகு அதிகாலையில் இக்காற்றைத் தாங்க வேண்டியிருக்கும். ஜுருபத்துவின் பதவிக்கு மலாக்காச் சட்டம் அளித்த மதிப்பின் காரணம் அப்போது விளங்கும்.

முடிவுரை

துவாரகையின் கல்லில் மரமுளைக்காகக் குடைந்த துளையும், டெய்லரின் கலப்பை நங்கூரமும் ஒரே வினாவுக்கான விடைகள். இடையிலுள்ள நூற்றாண்டுகளில் மாறியவை பொருளும் வடிவமும். மாறாதது தரையின் இயல்பை அறிந்து அதனைப் பற்ற வேண்டும் என்னும் நெறி. சேற்றை அறியாதவருக்கு எத்துணைப் பெரிய நங்கூரமும் வெறும் சுமையே.

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் வரலாறு தோட்டத்தையும் தண்டவாளத்தையும் மையமாக வைத்தே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. அது நியாயமானதே. எனினும் தொங்காங் படகுகளில் சுமை இறக்கியோரும், துறைமுகத்தில் வடம் பிடித்தோரும், ரஜூலாவில் வந்திறங்கியோரும் தமக்கென ஒரு சொல்வளத்தைக் கொண்டிருந்தனர். ரஜூலா ஓய்ந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அதில் சிறுவராய் வந்தோரே இன்று முதியோர். தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு, கிள்ளானிலும் கேரித் தீவிலும் வாழும் இம்முதியோரிடம் வடம், சங்கிலி, ஓதம், காற்று ஆகியன பற்றிய சொற்களைக் கேட்டுத் தொகுப்பிக்கலாம். மேலே காட்டிய வடக்கணக்கை வகுப்பில் செய்து பார்க்கவும் செய்யலாம். நங்கூரம் என்ற உவமையைப் பாடநூலில் சந்திக்கும் மாணவர், அதன் கொழு எவ்வாறு சேற்றைப் பற்றுகின்றது என்பதையும் அறிந்திருப்பாராயின், அச்சொல் அவருக்கு முழுப்பொருளுடன் விளங்கும். இத்தொகுப்புப் பணி தாமதமின்றித் தொடங்கப்பட வேண்டியது என்பதே நம் கருத்து.